விழா நாளில் மக்கர் செய்யும் புரொஜெக்டர்

ஞாயிற்றுக்கிழமை மாலை. தென் கல்கத்தாவில் ஒரு வாடகை மண்டபம். ஹவுராவிலிருந்தும் பெஹாலாவிலிருந்தும் குழந்தை குட்டிகளுடன் பஸ் மாறி வந்த கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இறைவணக்கமும் வரவேற்புரையும் முடிந்துவிட்டன. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் குப்பை கொட்டிவிட்டு, பணி ஓய்வு பெற்று, செவ்வாய்க்கிழமை சென்னை மெயிலில் மூட்டை முடிச்சுகளுடன் ஊருக்குத் திரும்பப் போகும் ஒரு பெரியவருக்குப் பிரிவுபசாரம். அவருடைய பழைய புகைப்படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி, பாட்டுச் சேர்த்துப் படமாக்கி வைத்திருக்கிறார்கள் சங்கத்துப் பிள்ளைகள். விளக்கை அணைக்கிறார்கள். திரையில் நீல வெளிச்சம் விழுகிறது. நடுவில், 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி!

"ஒயரை ஆட்டிப் பாருங்க சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்கண்ணே" என்று இன்னொன்று. நாலு பேர் நாலு பொத்தானை அமுக்குகிறார்கள். கால் மணி நேரம் கழித்து விளக்கைப் போட்டு, "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..." என்று செயலாளர் மைக்கில் தொடங்குகிறார். பெரியவர் பெருந்தன்மையாக, "பரவாயில்லைப்பா, போனில் அனுப்பு, பார்த்துக்கறேன்" என்கிறார். ஆனால் அந்த மாலை திரும்பி வரப்போவதில்லை.

மறுநாள் புரொஜெக்டர் டாக்சியில் ஏறிச் சாந்தினி சௌக் கடைத்தெருவுக்குப் போகிறது. மெக்கானிக் தன் ஒயரைச் செருகுகிறார். படம் பளிச்சென்று விழுகிறது. இயந்திரத்தில் கோளாறே இல்லை!

இது எந்த ஒரு சங்கத்தின் கதையும் அல்ல; எல்லாச் சங்கங்களின் கதையும் இதுதான். சங்கம், பள்ளிக்கூடம், ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப், கோயில் கமிட்டி என்று எங்கும் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்துவிட்டது. அதை இயக்குவது எப்படி என்று யாரும் தனியாகப் படித்துவிட்டு வருவதில்லை. விழா மேடையில் படம் நின்றுபோகும் சமயங்களில் பெரும்பாலும் பழுது இயந்திரத்துக்குள் இருப்பதில்லை. ஒயரிலோ, கம்ப்யூட்டரிலோ, தூசியிலோ, மின்சாரத்திலோ, அல்லது அவசரத்திலோதான் இருக்கிறது. இவை ஐந்தும் சங்கத்து ஆட்களே பார்த்துச் சரி செய்யக் கூடியவை.

ரப்பர்ப் பையிலிருந்து லேசர் வரை

திரையில் படம் காட்டும் தொல்லை கல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1898-ல் இங்கே ராயல் பயாஸ்கோப் கம்பெனியைத் தொடங்கியவர் ஹீராலால் சென். ஊரெங்கும் மின்சாரம் இல்லாத காலம். சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சினால் வரும் வெள்ளை ஒளியில்தான் படம் காட்ட வேண்டும். அதற்கான வாயுவை ரப்பர்ப் பைகளில் அடைத்துக் கொண்டு போவார்கள். பை கசிந்தால் ஒளி போயிற்று. ஒளி போனால் காட்சி போயிற்று. செயின்ட் சேவியர் கல்லூரியில் விஞ்ஞானத்தைப் படம் காட்டி விளக்கிப் பேர் பெற்ற லாஃபோன் பாதிரியாரின் உதவி ஹீராலாலுக்குக் கிடைத்தது. கடைசியில் 1917-ல் ஒரு தீ விபத்தில் அவருடைய படச்சுருள்கள் அழிந்தன. அதே ஆண்டில் அவரும் காலமானார்.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் பிலிம். பற்றிக் கொண்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அதனால்தான் 1918-ல் வந்த சினிமாச் சட்டம் தணிக்கையோடு கொட்டகையின் தீப் பாதுகாப்பையும் சேர்த்துப் பேசியது. தீப்பற்றாத பிலிம் முழுமையாக இடம் பிடித்தது 1950-களின் தொடக்கத்தில்தான்.

தமிழர்கள் பெருமையோடு நினைக்க இன்னொரு பெயர் உண்டு. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் உத்தியோகத்தில் இருந்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கினார், உத்தியோகத்தை விட்டார், கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அவரே பிற்பாடு கல்கத்தாவின் பயனீர் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' என்ற பேசும் படத்தை எடுத்தார். 1933-ல் வெளிவந்த அந்தப் படத்தில் நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி. தமிழ்ப் பேசும் படத்துக்கு இந்த ஊர் செட்டு போட்டுக் கொடுத்த காலம் அது.

ஊர் ஊராகப் போனவருக்கு எந்தக் கடைத்தெருவும் பக்கத்தில் இல்லை. கூடாரத்தில் விளக்கு அணைந்தால் அவரேதான் பார்க்க வேண்டும். இன்று புரொஜெக்டருக்குள் பிலிம் இல்லை, தீ இல்லை, ரப்பர்ப் பை இல்லை. இருந்தாலும் வெளிச்சம் வேண்டும், அந்த வெளிச்சத்தின் சூடு வெளியேற வேண்டும், கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும், மின்சாரம் ஒழுங்காக வர வேண்டும் என்ற நான்கு சங்கதிகளும் அப்படியேதான் இருக்கின்றன.

சிக்னல் இல்லையா?

ரயில்வேயில் சிக்னல் விழவில்லை என்றால் டிரைவர் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கேபின் பக்கம்தான் பார்க்கிறார். இங்கேயும் அதுவே வழி. 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டுகிறது என்றாலே புரொஜெக்டர் உயிரோடு இருக்கிறது, விளக்கு எரிகிறது என்று அர்த்தம். படம் அனுப்ப வேண்டிய பக்கத்தில்தான் தடங்கல்.

முதலில் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்ற பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் பின்னால் நாலைந்து துளைகள் இருக்கும். ஒயர் ஒரு துளையில் இருக்க, இயந்திரம் வேறொரு துளையைப் பார்த்துக் கொண்டு காத்திருக்கும். பல மண்டபங்களில் அரை மணி நேரத்தை விழுங்கும் கோளாறு இது ஒன்றுதான்.

அடுத்தது கம்ப்யூட்டர். லாப்டாப்பில் விண்டோஸ் அடையாளம் போட்ட பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் காட்டும். அதில் 'டூப்ளிகேட்' என்பதை எடுத்தால் லாப்டாப்பில் தெரிவது அப்படியே திரையிலும் தெரியும். 'எக்ஸ்டெண்ட்' என்பதில் இருந்தால்தான் வேடிக்கை. திரையில் மலை, நீர்வீழ்ச்சி என்று வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும். பெரியவரின் கல்யாணப் போட்டோ லாப்டாப்பில் ஓடிக் கொண்டிருக்கும். 'வேறே திரை' என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒயர். இப்போது பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான முனை கொண்ட ஒயர். மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை இருபது மீட்டர் இழுத்தால் சாதாரண ஒயரில் சிக்னல் தளர்ந்துவிடும். படம் விட்டு விட்டு வரும், பொறிப்பொறியாக மின்னும், அல்லது வரவே வராது. பத்து மீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் அதற்கென்று உள்ள பூஸ்டர் வைத்த ஒயரோ, கண்ணாடி இழை ஒயரோதான் நம்பிக்கை. இதைவிடச் சுலபம், லாப்டாப்பைப் புரொஜெக்டரின் பக்கத்திலேயே வைத்துக் கொண்டு, குட்டை ஒயரைப் போடுவது. பேச்சாளர் தானே பக்கத்தைத் திருப்ப வேண்டுமானால் கையடக்க ரிமோட் கிடைக்கிறது.

பழைய வி.ஜி.ஏ. ஒயரானால் அதன் முனையில் பதினைந்து ஊசித் துளைகளுக்கான இடம் உண்டு. அதில் ஓர் ஊசி வளைந்தாலும் நிறம் போய்விடும். படத்தைப் பார்த்தே எந்த நிறம் போயிற்று என்று சொல்லிவிடலாம். எல்லாரும் மஞ்சள் காமாலை வந்தவர் போலத் தெரிந்தால் நீலம் வரவில்லை. கத்தரிப்பூச் சாயலானால் பச்சை வரவில்லை. நீலப் பச்சையாக, நீருக்குள் இருப்பது போலத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. முனையை நேராகச் செருகி, இரு பக்கத்துத் திருகாணியையும் முடுக்கினால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். அதற்காக இயந்திரத்தைத் தட்டுகிறவர்களும் உண்டு. தட்டினால் ரேடியோ பாடிய காலம் போய்விட்டது.

புது லாப்டாப்புகளில் பழைய துளையே இல்லை. அதற்கு இடையில் மாட்டும் சின்ன 'கன்வெர்ட்டர்' வாங்குகிறார்கள். புதிய சிக்னலைப் பழையதாக மாற்றுவதும், பழையதைப் புதியதாக மாற்றுவதும் வேறு வேறு சாமான்கள். ஒன்றை வாங்கி மற்றதன் வேலையைச் செய்யச் சொன்னால் செய்யாது. கடையில் கேட்கும்போதே லாப்டாப்பில் எந்தத் துளை, புரொஜெக்டரில் எந்தத் துளை என்று சொல்லி வாங்க வேண்டும்.

சந்தா கட்டிப் பார்க்கும் இன்டர்நெட் சினிமாக்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. பாட்டு கேட்கும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். நகல் எடுக்காமல் தடுப்பதற்காகப் படத்தோடு ஒரு பூட்டும் வருகிறது. இடையில் பழைய ஒயரோ கன்வெர்ட்டரோ இருந்தால் அந்தப் பூட்டு திறப்பதில்லை. நேராக எச்.டி.எம்.ஐ. ஒயரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக...

இது தமிழர்களுக்கென்றே ஏற்பட்ட தொல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அழகாகத் தட்டச்சு செய்த வாழ்த்துப்பா, மண்டபத்து லாப்டாப்பில் திறந்தால் கட்டம் கட்டமாகவோ, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகவோ நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், அதே எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டுமே தமிழ் தெரியும். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தச் சங்கடம் குறைவு. எதில் அடித்திருந்தாலும் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டு போனால் எழுத்தும் கூடவே வரும். பெயர்ப் பட்டியலில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் கட்டங்களாக நின்றால் அடுத்த வருஷம் நன்கொடை கேட்கப் போகிறவருக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்!

சூடு, தூசி, தூபம்

படம் ஒழுங்காக வந்தது, இருபது நிமிஷம் ஓடியது, திடீரென்று அணைந்தது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டுகிறது. இது சூடு. புரொஜெக்டருக்குள் விளக்கின் வெப்பத்தை வெளியே தள்ள விசிறி இருக்கிறது. உள்ளே சூடு ஏறினால் இயந்திரம் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே நின்றுவிடும். எத்தனையோ இயந்திரங்களின் கையேட்டில் 35 அல்லது 40 டிகிரிக்குள் உள்ள இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கல்கத்தாவின் மதியம் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடுகிறது. தகரப் பந்தலுக்குள் கேட்கவே வேண்டாம்.

உயரம் போதவில்லை என்று கீழே தடித்த புத்தகமும் மேஜை விரிப்பும் வைத்துக் காற்று வழியை அடைத்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் காற்று உள்ளே போகிறது, எந்தப் பக்கம் சூடாக வெளியே வருகிறது என்று கையை வைத்துப் பார்த்து, இரு பக்கமும் ஒரு முழம் இடம் விட வேண்டும். அழைப்பிதழ் ஒன்று பறந்து போய் உறிஞ்சும் பக்கத்தில் ஒட்டிக் கொண்டாலே போதும், படம் நின்றுவிடும்.

உள்ளே போகும் காற்றை வடிகட்டப் பஞ்சு போன்ற ஒரு பில்டர் உண்டு. பல சங்கங்களில் இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை. கழற்றினால் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் வரும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறிய பிறகு பில்டரை வெளியே எடுத்து, மிருதுவான பிரஷ்ஷால் தட்டியோ, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்தோ சுத்தம் செய்யலாம். சில மாடல்களில்தான் தண்ணீரில் அலசலாம். கையேட்டைப் பார்க்காமல் நனைக்கக் கூடாது. இயந்திரத்தின் வாயில் நேராக ஊதினால் தூசி இன்னும் உள்ளே போகும்.

கல்கத்தாவுக்கென்று இன்னொரு எதிரி உண்டு. பூஜை மண்டபத்தில் சாம்பிராணியும் தூனோவும் புகைந்தபடியே இருக்கும். கொசுவர்த்தியும் சேர்ந்தால் அந்தப் புகை எண்ணெய்ப் பிசுக்காக உள்ளே கண்ணாடிகளில் படியும். பில்டர் தூசியைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. பூஜை நடக்கும் மேடைக்குப் பக்கத்தில் புரொஜெக்டரை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் வேறு விதம். ஏ.சி. அறையில் இருந்த இயந்திரத்தை ஈரமும் புழுக்கமுமான மண்டபத்துக்குக் கொண்டு வந்து உடனே போட்டால் லென்ஸில் ஆவி படிந்து படம் மங்கும். துணியால் துடைத்தாலும் உள்ளே படிந்தது போகாது. அரை மணி, ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தால் தானே தெளியும். புரொஜெக்டரைக் கோயில் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையோடு போட்டு வைக்கிறவர்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் போட்டு வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

விளக்கு

பழைய மாடல்களில் இருப்பது பாதரச ஆவி விளக்கு. விரல் நுனி அளவு கண்ணாடிக் குமிழுக்குள் இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எரிகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் இந்த வகையைக் கொண்டு வந்தது. ஆயுள் மாடலுக்கு மாடல் 2,000 மணி நேரத்திலிருந்து 5,000 மணி நேரம் வரை. ஆயுள் முடியும்போது திடீரென அணையும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 'படம் மங்கலாக இருக்கிறது, லென்ஸ் போச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன், மெனுவில் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

விளக்கை மாற்றுவது கடினமல்ல. ஆனால் எச்சரிக்கை வேண்டும். பிளக்கைப் பிடுங்கி முக்கால் மணியாவது ஆறவிட வேண்டும். புது விளக்கின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. கையின் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு கூடிக் கண்ணாடி விரிசல் விடும். மூடியைச் சரியாகப் பூட்டாவிட்டால் இயந்திரம் ஓடவே ஓடாது. மாற்றிய பிறகு மணிக்கணக்கை மெனுவில் பூஜ்யமாக்க மறந்தால், புது விளக்கையும் பழசு என்றே சொல்லிக் கொண்டிருக்கும். படம் ஓடும்போது 'டப்' என்று வெடிச் சத்தம் கேட்டு இருண்டால், விளக்கு உடைந்திருக்கிறது. உள்ளே உள்ள பாதரசம் கொஞ்சம்தான் என்றாலும், ஜன்னல்களைத் திறந்து விட்டு, குழந்தைகளை அப்பால் அனுப்பி, ஆறிய பிறகே கைவைக்க வேண்டும். விளக்கை ஏற்ற உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் உண்டாகிறது. அதனால் இயந்திரத்தின் உடம்பைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை.

புதிய எல்.ஈ.டி., லேசர் மாடல்களில் விளக்கு மாற்றும் வேலையே இல்லை. 20,000 மணி நேரம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஆனால் எந்த மாடலானாலும் லென்ஸுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது ஆபத்து. மேஜை தாழ்வாக இருந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது குழந்தைகள்தான். புரொஜெக்டரை அவர்கள் தலைக்கு மேல் போகும் உயரத்தில் வைக்க வேண்டும்.

கடைக்குப் போக வேண்டிய கோளாறுகள்

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரி செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். திரையில் வெள்ளை வெள்ளையாக நட்சத்திரம் போலப் புள்ளிகள் தோன்றி, வாரத்துக்கு வாரம் பெருகினால், அது டி.எல்.பி. வகை. அதன் சில்லில் உள்ள லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகளில் சில அசையாமல் நின்றுவிட்டன. அந்தச் சில்லை மாற்றத்தான் வேண்டும். ஒரு மூலையில் நிரந்தரமாக மஞ்சளோ நீலமோ படர்ந்திருந்தால், எல்.சி.டி. வகையில் உள்ளே ஒரு தகடு சூட்டில் வெந்திருக்கிறது. இரண்டும் செலவு அதிகம். பழைய இயந்திரமானால் அந்தப் பணத்தை வைத்துப் புதிதையே பார்க்கலாம். உள்ளிருந்து கிறீச்சென்று அறுப்பது போன்ற ஓசை வந்தால் விசிறியோ, டி.எல்.பி.யில் சுழலும் நிறச் சக்கரமோ தேய்ந்திருக்கிறது. ஓட்டி ஓட்டிப் பார்க்காமல் கொண்டு போவது நல்லது. மங்கலான கறுப்புத் திட்டு திரையில் ஒரே இடத்தில் நின்றால், அது உள்ளே புகுந்த தூசி. லென்ஸின் முன்பக்கத்தை எத்தனை துடைத்தாலும் போகாது.

தலைகீழாகப் படம் வருவது இந்தப் பட்டியலில் சேராது. முன்பு கூரையில் தொங்கவிட்டிருந்த இயந்திரத்தை மேஜைக்கு இறக்கியிருப்பார்கள். மெனுவில் 'சீலிங்' என்பதை மாற்றினால் மனிதர்கள் நேராக நிற்பார்கள். படம் மேலே அகன்று கீழே குறுகி இருந்தால் 'கீஸ்டோன்' பொத்தான் உண்டு. ஆனால் அதை ரொம்பவும் திருகினால் எழுத்து மங்கும். இயந்திரத்தைத் திரைக்கு நேர் எதிரில் வைப்பதே உத்தமம்.

மின்சாரமும் சத்தமும்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்கத்தாவில் வாழ்ந்தவர்களுக்கு லோட் ஷெட்டிங் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வெள்ளைத் துணி கட்டி 16 மி.மீ. படம் காட்டும்போது கரண்ட் போனால், பேச்சும் சிரிப்புமாகக் காத்திருப்பார்கள். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிஜிட்டல் புரொஜெக்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. சூடான விளக்கு விசிறி இல்லாமல் அப்படியே நின்றால் அதன் ஆயுள் குறைகிறது. கரண்ட் வந்தாலும் ஆறும் வரை விளக்கு ஏறாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடும் யு.பி.எஸ். ஒன்றை இடையில் வைத்தால், ஜெனரேட்டரைக் கிளப்பும் வரை அந்தச் சில நிமிஷங்களைத் தாங்கும். விளக்கு மாடல்கள் 250, 300 வாட் இழுக்கும், யு.பி.எஸ்.ஸின் தாக்கு அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதே யு.பி.எஸ்.ஸில் ஆம்பிளிபயரையும் பெடஸ்டல் விசிறியையும் சேர்த்து மாட்டினால் எதுவும் ஓடாது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்...' என்று வண்டு ரீங்காரம் போடுகிறதா? லாப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், சவுண்ட் செட்டும் சார்ஜரும் வேறு வேறு எர்த்தில் இருக்கின்றன என்று பொருள். இரண்டையும் ஒரே போர்டில் மாட்டினால் தீரும். இல்லாவிட்டால் நிகழ்ச்சி முடியும் வரை பேட்டரியில் ஓட்டலாம். சத்தமே வரவில்லை என்றால், எச்.டி.எம்.ஐ. ஒயர் படத்தோடு ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிட்டது; அதன் வயிற்றுக்குள் உள்ள குட்டி ஸ்பீக்கர் மெல்ல முனகிக் கொண்டிருக்கும். லாப்டாப்பின் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி ஒலி போகும் இடத்தை மாற்ற வேண்டும்.

வாங்கும்போதே

இன்டர்நெட் கடைகளில் சொற்ப விலையில் '9,000 லூமென்' என்று போட்டு விற்கும் பெட்டிகளைப் பார்த்து ஏமாறும் சங்கங்கள் பல. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவுதான். ஆனால் எப்படி அளந்தார்கள் என்பது முக்கியம். 'ஆன்சி லூமென்' அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென் என்று எழுதியிருந்தால் முறைப்படி அளந்தது. எதுவும் சொல்லாமல் பெரிய எண்ணை மட்டும் போட்டால், உண்மையில் சில நூறுகூடத் தேறாது. படுக்கையறைச் சுவருக்கு அது போதும். நூறு பேர் உட்காரும், ஜன்னல் முழுதும் மறைக்க முடியாத மண்டபத்துக்கு முறைப்படி அளந்த மூவாயிரமாவது வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களும் இதையே கேட்டு எடுக்கலாம்.

விழாவுக்கு முதல் நாள், அதே மண்டபத்தில், அதே லாப்டாப்பையும் அதே ஒயரையும் மாட்டி, முழுப் படத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஐந்து நிமிஷம் ஓட்டி 'வருகிறது' என்று மூடிவிட்டால், இருபதாவது நிமிஷத்துச் சூடு தெரியாமலே போகும். இயந்திரத்தைத் தொடுவதற்கு ஒரே ஒருவரை நியமித்துவிட்டு, மற்றவர்கள் நாற்காலியிலேயே இருக்கலாம். ஒரு உபரி ஒயரும், அதே படத்தின் நகல் போட்ட பென் டிரைவும் அவர் பையில் இருக்கட்டும். பல புரொஜெக்டர்கள் லாப்டாப் இல்லாமலே பென் டிரைவிலிருந்து நேராகப் படம் காட்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் வரும் அவசரம் தனி. பந்தல்காரர் ஒயரைச் சுருட்ட நிற்பார். காவலாளி சாவியை ஆட்டுவார். கடைசி மெட்ரோ போய்விடும் என்று பிள்ளைகள் பறப்பார்கள். யாரோ ஒருவர் பிளக்கைச் சட்டென்று பிடுங்குவார். அந்தச் சமயத்தில்தான் விளக்கு அதிகச் சூட்டில் இருக்கிறது. ரிமோட்டில் ஆஃப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, விசிறியின் ஓசை நின்று, கண் சிமிட்டும் சின்ன விளக்கு ஒரே நிறத்தில் நிலைக்கும் வரை விட வேண்டும். ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆகும். நாற்காலிகளை அடுக்கி முடிப்பதற்குள் அது ஆறிவிடும்.